மாப்பிள்ளை சொன்ன ஷாக் அப்சார்பர்

ஜனவரி 17

பொங்கலுக்கு வந்திருந்த மகள் செண்பகத்தையும் மாப்பிள்ளை கந்தகுமாரையும் இன்று சங்கரன்கோவிலில் கொண்டுபோய் விட்டோம். காலையில் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பும்போது வானம் தெளிவாக இருந்தது. காரை நான்தான் ஓட்டினேன்; வண்டியும் நன்றாகத்தான் ஓடியது.

வழியில் மாப்பிள்ளை, பூமி இவ்வளவு வேகமாகச் சுற்றியும் நமக்கு ஏன் தலை சுற்றுவதில்லை என்று கேட்டார். நல்ல கேள்வி. ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியரிடம் இப்படிக் கேட்கும் மாப்பிள்ளை அமைவது புண்ணியம். உதாரணம் சொல்லும்போது எனக்கு இரண்டு கையும் வேண்டும். கரும்பலகைக்கு முன்னால் நின்ற பழக்கம். ஒரு கை சூரியன், ஒரு கை பூமி. மானூர் தாண்டி, சந்திரனையும் சேர்க்கலாம் என்று பார்ப்பதற்குள் ஒரு வேகத்தடை வந்துவிட்டது.

செண்பகத்தின் தலை கூரையில் இடித்தது. எட்டு மாதம் அவளுக்கு. "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். என் மனைவி உலகம்மை அதன்பின் கந்த சஷ்டி கவசத்தை வாய்க்குள் சொல்லத் தொடங்கினாள். பக்தி நல்லதுதான்.

சம்பந்தி பொன்னுலிங்கம் நூல் கமிஷன் கடை வைத்திருப்பவர். அளந்து பேசுவார். செண்பகம் இறங்கி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேற ஒண்ணுமில்லப்பா, மாமா வண்டியில ஷாக் அப்சார்பர் கொஞ்சம் இறுக்கமா இருக்கு போல. அதான் தூக்கிப் போடுது" என்றார்.

"ஓ, ஷாக் அப்சார்பரா" என்றார் சம்பந்தி, தரையைப் பார்த்து.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. மாப்பிள்ளைக்கு நுட்பமான மூளை.

கிளம்பும்போது சம்பந்தி என்னைத் தனியாக அழைத்தார். "சார்வாள், தப்பா நெனைக்காதிய. தலைப்பிரசவத்துக்குப் புள்ளயத் தாய்வீட்டுக்கு அனுப்புறது மொறைதான். ஆனா இந்த நெலமையில அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல."

"டாக்ஸி வச்சிக்கிடுதோம்" என்றாள் உலகம்மை.

"டாக்ஸியில கூட்டிட்டுப் போவிய மதினி. அங்க இருந்து ஆஸ்பத்திரிக்கு? அவசரம்னா எத எடுப்பிய?" என்று எங்கள் காரை ஒரு பார்வை பார்த்தார். "வளைகாப்பு அன்னைக்கு இதே வண்டியில வாங்க. நானே உக்காந்து பாக்கேன். சரியா இருந்தா கையோட கூட்டிட்டுப் போங்க. இல்லையா, இங்கயே பிரசவம் பாத்துக்கிடுவோம்."

வளைகாப்பு பிப்ரவரி 8. அதற்குள் ஷாக் அப்சார்பரைச் சரிசெய்தாக வேண்டும். திரும்பி வரும்போது உலகம்மை பின்சீட்டுக்குப் போய்விட்டாள். முன்னால் வெயில் அடிக்கிறதாம்.

ஜனவரி 18

இந்தக் காரை எனக்கு விற்ற பழைய மாணவனுக்குப் போன் செய்தேன். மலைப்பாதையில் ஓட்டுவதற்காக, நினைத்தபடி இறுக்கவும் இளக்கவும் வசதியுள்ள ஷாக் அப்சார்பர்களை அவன் பிரத்தியேகமாகப் போட்டிருக்கிறான். நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு திருகு உண்டு. திருகினால் "டிக், டிக்" என்று படிப்படியாக நகரும். "கடிகாரச் சுற்றுல திருகினா இறுக்கம் சார், எதிர்ச்சுற்றுல இளக்கம். வீட்டுலயே பண்ணிரலாம்" என்றான். பிறகு, "சார், நீங்களா ஓட்டுதிய?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் லைன் கிடைக்கவில்லை.

உலகம்மை, ஷாக் அப்சார்பர் என்றால் என்ன என்று கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னேன். சுருள்வில் ஒரு வாலுப் பையன். ஒரு தட்டுத் தட்டினால் குதித்துக்கொண்டே இருப்பான். ஷாக் அப்சார்பர் என்பது அவன் தோளில் கை வைத்திருக்கும் வகுப்பாசிரியர். கை லேசாக இருந்தால் பையன் ஆடிக்கொண்டே இருப்பான். கை மிகவும் அழுத்தினால் பையன் மரக்கட்டையாகிவிடுவான். வெளியே விழுகிற அடியெல்லாம் அப்படியே வகுப்புக்குள் இறங்கும். நம் வண்டியில் ஆசிரியர் கண்டிப்பானவர்.

"அப்ப ஆசிரியர் மேலதான் தப்புங்கிய" என்றாள்.

"அதேதான்" என்றேன். எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்!

ஜனவரி 20

முதல் திருத்தம் இன்று. உதவிக்குப் பக்கத்து வீட்டுத் தேவசகாயம் வந்தார். எங்கள் பள்ளியிலேயே உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்றும் கழுத்தில் விசில் தொங்குகிறது. சொந்தக் காரைப் போன வருடம்தான் விற்றார்.

சக்கரம் உருளாமல் இருக்க ஆட்டுக்கல் குழவியை முட்டுக்கொடுத்தோம். உலகம்மை வடாம் காயப்போடும் பாயை விரித்து நான் அடியில் போனேன். கையை நீட்டியதும் திருகு அகப்பட்டது. ஆனால் ஒரு சிக்கல். கடிகாரச் சுற்று என்றால் யாருடைய பார்வையில்? மல்லாந்து கிடந்து யோசித்தேன். வண்டியை மேலிருந்து பார்ப்பதுதான் முறை; வரைபடத்தில் ஊரைப் பார்ப்பதுபோல. ஆகவே சுற்றும் மேலிருந்துதான் கணக்கு. இதைத் தேவசகாயத்துக்கு விளக்கினேன்.

"வே சார்வாள், மேல இருந்து பாத்தா பானட்டுதானே தெரியும்" என்றார். அறிவியல் எல்லாருக்கும் வராது.

மேலிருந்து பார்க்கும் கணக்கில் எதிர்ச்சுற்றாக, நான்கையும் பாதியளவு இளக்கினேன். தேவசகாயம் விசில் ஊதி, பானட்டை இரண்டு கையாலும் அமுக்கி, "ஒண்ணு, ரெண்டு" என்று வண்டிக்கு டிரில் கொடுத்தார். இளகியிருக்கிறதா என்று கேட்டேன். "நேத்துப் பாத்த மாதிரிதான் இருக்கு" என்றார். அவர் நேற்று பார்க்கவே இல்லை.

வண்டியில் வைத்துச் சோதிக்க ரசத்தைவிட நல்ல கருவி இல்லை. தண்ணீர் சிந்தினால் காய்ந்து போகும், தடயம் இருக்காது. ரசம் எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு விழுந்தது என்று சாட்சி சொல்லும். "நேத்துள்ள ரசத்த எடுங்க, இன்னைக்குள்ளது சாப்பிட" என்று உலகம்மை பாத்திரத்தைக் கொடுத்தாள். தேவசகாயம் அதை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். மூன்றாவது தெருவில், முன்னால் போன சைக்கிள்காரனின் சமநிலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லத் திரும்பினேன். ஆடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். நல்ல வேளை, ஆட்டுக்கு ஒன்றும் இல்லை.

வீட்டு வாசலில் தேவசகாயம் கறிவேப்பிலையைச் சட்டையிலிருந்து எடுத்துக்கொண்டே, "சார்வாள், ஒண்ணு சொல்லுதேன். நீரு அந்தப் பிரேக்கைப் போடுத..." என்று தொடங்கினார். உலகம்மை பலமாக இருமினாள்.

"...பிரேக்கு நல்லா இருக்கு வே. ரொம்ப நல்லா இருக்கு" என்று முடித்தார். "ஷாக் அப்சார்பர்தான். வேற ஒண்ணும் இல்ல."

மூன்று பேர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறோம். சந்தேகத்துக்கு இடமில்லை.

உலகம்மைக்கு இருமல் மருந்து வாங்க வேண்டும்.

ஜனவரி 23

காரில் பெருங்காய வாசனை போகவில்லை. கண்ணாடிகளை இறக்கி வைத்தேன். ஒரு பூனை பின்சீட்டில் வந்து படுத்திருக்கிறது. மனநிறைவோடு இருப்பதுபோல் தெரிகிறது.

ஜனவரி 26

பள்ளியில் குடியரசு தினக் கொடியேற்றம். பழைய ஆசிரியர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். திரும்பும்போது வீட்டில் விடுகிறேன் என்று கூப்பிட்டேன். தமிழாசிரியர் நடந்து போவதுதான் உடம்புக்கு நல்லது என்றார். அவருக்கு முழங்கால் வலி. கணக்கு ஆசிரியர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் பின்னாலேயே விரைந்தார். இந்த வயதில் எல்லாரும் உடம்பைக் கவனிக்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி.

ஜனவரி 28

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

காலையில் தேவசகாயம் வந்து, முன்சீட்டு மெத்தென்று இருந்தால் தனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், உடற்கல்விக்காரனுக்கு விறைப்பாக இருக்க வேண்டும் என்றார். உலகம்மை தன் பக்கம் பஞ்சுபோல இருக்க வேண்டும் என்றாள். ஒரே வண்டியில் இரண்டு பேருக்கு எப்படி இரண்டு விதம் என்று கேட்டேன்.

"ஏன், பந்தியில உக்காந்தா எல்லாரும் ஒரே அளவாவா உப்பு போட்டுக்கிடுதோம்? அவரவர் எலைக்கு அவரவர் உப்பு. சக்கரம் நாலு இருக்குல்லா? ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கிட வேண்டியதுதானே" என்றாள் உலகம்மை.

அசந்துவிட்டேன். உண்மைதானே? உப்பை இலையின் ஓரத்தில் தனியாக வைப்பது எதற்காக? நம் முன்னோர் கார் இல்லாத காலத்திலேயே இந்தத் தத்துவத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முன் இடது மூலை தேவசகாயத்துடையது. என் கணக்குப்படி இறுக்கினேன். பின் இடது உலகம்மையுடையது, இளக்கினேன். முன் வலது எனக்கு, நடுத்தரம். பின் வலது செண்பகத்தின் மூலை. "அவளுக்கு எனக்குள்ளதவிடக் கொஞ்சம் கூட" என்று, குழம்பு ஊற்றச் சொல்வதுபோல உலகம்மை சொன்னாள். அவ்வாறே செய்தேன். தேவசகாயம் ஒவ்வொரு மூலைக்கும் விசில் ஊதினார்.

மாலை சமாதானபுரம் வரை ஓட்டினோம். வண்டி ஒட்டகம் நடப்பதுபோல நடந்தது. இடப்பக்கம் திரும்பினால் குனிந்து கும்பிட்டது. வலப்பக்கம் திரும்பினால் எதையோ மறந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதுபோல நின்றது. பள்ளத்தில் இறங்கியபோது நான்கு மூலையும் நான்கு கருத்துச் சொன்னது. டீக்கடையில் நின்றவர்கள் கையில் கிளாஸோடு உள்ளே போய்விட்டார்கள்.

"வே, இது காரா, கட்சியா?" என்றார் தேவசகாயம்.

உலகம்மை இறங்கியதும் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

வடாம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. எடுத்து டப்பாவில் போட்டோம்.

பிப்ரவரி 1

செண்பகம் போன் செய்தாள். வண்டி எப்படியிருக்கிறது என்று விசாரித்தாள். முன்னேற்றம் இருக்கிறது என்றேன்.

"அப்பா, இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிடுதாங்க. அத்தை தலையில வச்சித் தாங்குதாங்க. ஆனா மத்தியானம் நடுவீட்டுல காலை நீட்டிப் படுக்க முடியல. யாராச்சும் வந்தா எந்திரிச்சு உக்காரணும். எனக்கு அங்க வந்து, அம்மாகிட்ட ஏச்சு வாங்கிட்டு, நைட்டியோட காலை நீட்டி உக்காரணும்போல இருக்குப்பா."

பிறகு அவளே, "அப்பா, நீங்க ஓட்டும்போது கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்லப்பா. ஷாக் அப்சார்பரைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

போனை வைத்தபின் நேரே காரடிக்குப் போனேன்.

பிப்ரவரி 4

அவரவர் உப்புத் திட்டத்தைக் கைவிட்டேன். பந்தியில் உப்பு வேறாக இருக்கலாம். சோறு ஒரே பானையில்தான் வெந்தாக வேண்டும். நான்கு ஷாக் அப்சார்பர்களையும் இனி திருகவே முடியாது என்கிற எல்லைவரை இளக்கிவிட்டேன். ஆசிரியர் கையை முழுக்க எடுத்துவிட்டார். பூப்போலப் போக வேண்டும்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று யாரைக் கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்கிறார்கள். பூனையும் இறங்கிப் போய்விட்டது.

பிப்ரவரி 6

காலையில் காம்பவுண்டுச் சுவரோரம் உலகம்மையும் தேவசகாயமும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். "நேரா சொன்னா மனசு ஒடிஞ்சிரும் அண்ணாச்சி" என்று உலகம்மை சொன்னது காதில் விழுந்தது. யாருக்கோ என்னவோ.

பிறகு தேவசகாயம் என்னிடம் வந்தார். "சார்வாள், எட்டாந்தேதி நான் ஓட்டுதேன். நீரு பின்னால உக்காரும்."

"ஏன் வே? வண்டி என்னுது, ஷாக் அப்சார்பரத் திருகினது நானு."

"அதனாலதான் சொல்லுதேன். ஷாக் அப்சார்பர் எப்படி வேல செய்யுதுன்னு யாராவது கவனிக்கணுமா, வேண்டாமா? பரிச்ச ஹால்ல கண்காணிப்பாளர் உக்காந்து பரிச்ச எழுதுவாரா? எழுதினா கண்காணிக்கிறது யாரு?"

மிகச் சரியான உதாரணம். இத்தனை நாள் என்னோடு பழகியது வீண்போகவில்லை. ஒப்புக்கொண்டேன். உலகம்மை இன்று பகல் இரண்டு பொரியல் வைத்தாள்.

பிப்ரவரி 8

வளைகாப்பு.

விடியற்காலையிலேயே உலகம்மை எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், தேங்காய்ச் சாதம் எல்லாம் கிளறி டிக்கியில் ஏற்றினாள். தேவசகாயம் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். விசிலைக் கழற்றவில்லை. நான் பின்சீட்டில், கையை ஜன்னலில் வைத்து, வண்டியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுபோல உட்கார்ந்தேன். மானூர் வேகத்தடை எப்போது வரும் என்று காத்திருந்தேன். கேட்டபோது, அது எப்போதோ போய்விட்டது என்றார்கள்.

செண்பகம் பட்டுச்சேலையில், முழங்கை வரை கண்ணாடி வளையலோடு உட்கார்ந்திருந்தாள். சந்தனம் பூசும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் அவள் கண் அடிக்கடி வாசலில் நின்ற காருக்குப் போயிற்று. என் கண்ணும்தான்.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, பாத்திருவோம்" என்றார். முன்சீட்டில் ஏறினார். நான் சாவியைத் தேவசகாயத்திடம் கொடுத்ததைப் பார்த்து முதல்முறையாக அவர் முகம் இளகியது. தறிக்கூடங்களுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குப் போகச் சொன்னார். குழாய் பதிக்கத் தோண்டி, மூடியும் மூடாமலும் கிடக்கிற சந்து. அதில் வண்டி ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போயிற்று. சம்பந்தி பேசவே இல்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சந்தின் முனையில்தான் தெரிந்தது, அவர் குறட்டை விடுகிறார்.

வண்டி நின்றதும் விழித்து, "தூங்கல சார்வாள். கண்ண மூடிக் கவனிச்சேன்" என்றார்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்." தேவசகாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ள பெறக்குற வரைக்கும் ஷாக் அப்சார்பர நீங்களே பாத்துக்கிடணும், என்ன?"

திருகியது நான். அவரிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. பரவாயில்லை.

செண்பகம் அம்மாவின் தோளில் சாய்ந்து வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள். வளையல் சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வீட்டுக்குள் வந்ததும் நைட்டிக்கு மாறி, நடுவீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "வழியில காலப் போட்டு உக்காராத, இடிச்சிரப் போறோம்" என்று உலகம்மை ஏசினாள். இருவருக்கும் முகம் கொள்ளாத சந்தோஷம்.

வெற்றி.

பிப்ரவரி 10

செண்பகம், எப்படிப்பா அவ்வளவு மெத்தென்று ஆக்கினீர்கள் என்று கேட்டாள். இதற்காகத்தான் ஆசிரியரானேன். நனைந்த சோப்பால் ஜன்னல் கண்ணாடியில் ஒரு கடிகாரம் வரைந்து, முள் போகும் திசைக்கு அம்புக்குறி போட்டேன். "இது இறுக்கம். இதற்கு எதிர்ப்பக்கம் இளக்கம்" என்றேன். பிறகு, வண்டிக்கடியில் கிடப்பவன் எப்படிப் பார்க்கிறான் என்று காட்டுவதற்காக வெளியே போய்க் கண்ணாடியின் மறுபக்கத்தில் நின்றேன்.

அம்புக்குறி எதிர்ப்பக்கம் போனது.

"என்னப்பா?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்லம்மா."

பாயை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போனேன். திருகு கீழ்நோக்கி இருக்கிறது. கீழே இருப்பவன்தான் அதை நேராகப் பார்க்கிறான். கடிகாரச் சுற்று அவனுடைய கணக்குத்தான். அப்படியானால் நான் இளக்கியதெல்லாம் இறுக்கியது. நான்கையும் தொட்டுப் பார்த்தேன். நான்கும் இதற்குமேல் இறுகாது என்கிற எல்லையில் இருக்கின்றன. சங்கரன்கோவிலுக்குப் போனது அப்படி. சந்துக்குள் போனது அப்படி. செண்பகம் தூங்கிக்கொண்டு வந்ததும் அப்படித்தான்.

எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பேன்: காரணம் என்று நினைத்த ஒன்று இருந்தும் விளைவு வரவில்லை என்றால், அது காரணமே இல்லை. அன்றைக்கு வேறு எது மாறியது என்று பார்க்க வேண்டும்.

அடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். காப்பி ஆறுகிறது என்று உலகம்மை கூப்பிட்டாள்.

பிப்ரவரி 11

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். முருங்கைக் கீரை ஆய்ந்து கொடுத்தேன். எழுத வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12

நான்கையும் இம்முறை முறைப்படி, கீழிருந்து பார்க்கும் கணக்கில் பாதியளவு இளக்கினேன். இப்போதுதான் உண்மையிலேயே சரியான அளவு. யாரிடமும் சொல்லாமல் வ.உ.சி. மைதானம் வரை தனியாக ஓட்டிப் பார்த்தேன். யாருக்கும் உதாரணம் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. ஆனாலும் மைதானத்தின் மூலை திரும்பும்போது, அங்கே சிறுவர்கள் எறிந்த பந்து எத்தனை டிகிரியில் போகிறது என்று ஒரு கணம் மனதுக்குள்தான் கணக்குப் போட்டேன்.

திரும்பி வந்ததும் உலகம்மை, "நெத்தியில என்னங்க வீக்கம்?" என்றாள்.

"நிலைப்படி இடிச்சிட்டு."

அவள் நிலைப்படியை நிமிர்ந்து பார்த்தாள். அது என் தலைக்கு ஒரு முழம் மேலே இருக்கிறது. உள்ளே போய் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, அந்த செட்டிங்க மட்டும் மாத்திராதிய."

"மாத்த மாட்டேன் மாப்பிள்ள. தேவசகாயம்தான் ஓட்டுதாரு."

பேச்சு அப்படி வந்துவிட்டது. மாப்பிள்ளை எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல பிள்ளை.

பிப்ரவரி 19

டாக்டரிடம் போனோம். தேவசகாயம் ஓட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், குழந்தையைச் சொன்னார்.

பிப்ரவரி 25

தேவசகாயம் நாசரேத்துக்கு மருமகன் தங்கை கல்யாணத்துக்குப் போகிறார். போக மனசில்லை. நாளை மறுநாள் மாலைக்குள் வந்துவிடுவாராம். பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, போய்வாரும் என்றேன். "வே, ஒண்ணும் அவசரப்பட்டு..." என்று ஆரம்பித்து, "ஷாக் அப்சார்பரத் தொடாதிரும்" என்று முடித்தார்.

பிப்ரவரி 27

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செண்பகம் தட்டை அப்படியே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தாள். உலகம்மை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எடுத்து வைத்திருந்த பையைத் தூக்கினாள். இரண்டு பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் கார் நின்றது. கார்ச்சாவி என் கையில் இருந்தது. தேவசகாயம் வீடு பூட்டியிருந்தது.

உலகம்மை சாவியைப் பார்க்காமல் இருப்பதற்காக மாமரத்தைப் பார்த்தாள். செண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்லப்பா. எடுங்க, போவோம்" என்றாள். எத்தனை நாளாக இவர்கள் எல்லாரும் எனக்காக இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்!

நான் குனிந்து முன்சக்கரத்துக்குள் கையை விட்டேன். சும்மா தொட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"வண்டி இன்னைக்குச் சரியில்ல. ஷாக் அப்சார்பர் திடீர்னு இறுகிட்டு" என்றேன். "ஆட்டோ கூப்பிடுதேன்."

உலகம்மை என்னை நேராகப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். "காலையிலயே எனக்குத் தோணிச்சு. இறுக்கமாத்தான் இருக்கு."

தெரு முக்குக்கு ஓடினேன். ஆட்டோக்காரர், "கார் நல்லாத்தான நிக்கி சார்வாள்?" என்றார்.

"ஷாக் அப்சார்பர் இறுக்கம்பா."

"இதுல ஷாக் அப்சார்பரே போயி ஆறு மாசமாச்சே!"

"பரவாயில்ல, வாரும்."

அந்த ஆட்டோ எழுப்பிய சத்தமும் போட்ட ஆட்டமும் என் வாழ்நாளில் கண்டதில்லை. ரசத்தைக் கொண்டுபோயிருந்தால் பாத்திரமே மிஞ்சியிருக்காது. ஆனால் ஆட்டோக்காரர் ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பேசவும் இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி, உருட்டி, இறக்கி, ஏற்றினார். வலிக்கு நடுவே செண்பகம் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, இது... எந்த செட்டிங்ப்பா?" என்றாள். உலகம்மையும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பகல் பதினொன்றரைக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம். குரல் மூன்று வார்டுக்குக் கேட்கிறது.

சங்கரன்கோவிலிலிருந்து சம்பந்தி இரண்டு மணிக்கெல்லாம் வந்து சேர்ந்தார். பேத்தியைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே, "பக்கத்து வீட்டு சார்வாள் ஊர்ல இல்லன்னு மதினி போன்ல சொன்னாங்க. வழியெல்லாம் எனக்கு நெஞ்சு திக்கு திக்குன்னு இருந்தது. எதுல கூட்டிட்டு வந்திய?" என்றார்.

"ஆட்டோவுல."

அவர் என் பக்கம் திரும்பினார். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். சொல்ல வந்தது வாய்வரை வந்து நின்றது தெரிந்தது. மனுஷர் சங்கடப்படக் கூடாதே என்று நானே சொன்னேன்:

"ஷாக் அப்சார்பர் கொஞ்சம் இறுக்கமா இருந்தது சம்பந்தி."

"ஆமா, ஆமா" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஷாக் அப்சார்பர்தான். வேற என்ன?"